அறிதல் அணுகுமுறை: நிறையிலும் அதே வரி, குறையிலும் அதே வரி. எப்படி எழுதுவது?

கேள்வி | கரிசல்மண்

தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். பகல் முழுவதும் மருந்துக்கடையில் நின்றபடி வேலை. ஷட்டரை இறக்கிய பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடிகிறது. ஆகவே சுற்றிவளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

'அறிதல் அணுகுமுறையின் நிறைகளையும் குறைகளையும் விவரி' என்ற கேள்வி பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நினைவு, கவனம், சிந்தனை போன்ற மன வேலைகளை ஆராய்ந்து மனிதனை விளக்கும் அணுகுமுறை (cognitive approach) இது. எங்களுக்குக் கொடுத்த பாடக்குறிப்பில் இதற்கு ஒரே ஒரு பக்கம். நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் நிறை, அந்தப் பக்கம் குறை. நிறைகளில் முதல் வரி: 'கட்டுப்பாடான ஆய்வுக்கூடச் சோதனைகளைச் சார்ந்திருப்பதால் அறிவியல் தன்மை உடையது.' குறைகளில் முதல் வரி: 'ஆய்வுக்கூடச் சோதனைகளைச் சார்ந்திருப்பதால் இயல்பு வாழ்க்கைக்குப் பொருந்துவதில்லை.' ஒரே விஷயத்துக்கு இங்கே பாராட்டு, அங்கே வசவு. 'மனிதனைக் கணினியோடு ஒப்பிடுகிறது' என்ற வரியும் அப்படியே இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் எதுவும் கேட்கவில்லையா என்றுதான் தோன்றுகிறது.

மனப்பாடம் செய்து எழுதினால் தேறிவிடலாம். ஆனால் எனக்கு விளங்கவேண்டியவை இரண்டு. நடத்தைவாதிகளாவது கண்ணால் காணக்கூடிய நடத்தையை அளந்தார்கள். நினைவையும் கவனத்தையும் சிந்தனையையும் யார் பார்த்தார்கள்? எந்த உரிமையில் இதை அறிவியல் என்கிறார்கள்? அடுத்தது, விபத்தைப் பார்த்தவர்களின் நினைவைப் பற்றிய லோஃப்டஸ்–பாமர் சோதனையைக் குறிப்பில் நான்கு வரியில் முடித்துவிட்டார்கள். அதை நிறைக்கு உதாரணமாகக் காட்டுவதா, குறைக்கா?

பதில் | ஓய்வுபெற்ற சாக்பீஸ்

அம்மா, உங்கள் எரிச்சல் முழுக்க நியாயமானது. இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நெடுங்காலம் நடத்தியவன் நான். நிறை குறைப் பட்டியல்மீது எனக்குத் தீராத பகை உண்டு. மதிப்பெண் போட வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். ரோஜர் ஷெப்பர்டு, ஜாக்குலின் மெட்ஸ்லர் இருவரும் 1971-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பத்துக் கனசதுரங்களை ஒட்டி, அங்கங்கே முழங்கைபோல மடக்கிய உருவங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டினார்கள். இரண்டும் ஒரே உருவம்தானா, ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமா? விடை தெரிந்ததும் நெம்புகோலை இழுக்க வேண்டும். ஒரே உருவமாக இருந்த ஜோடிகளில், ஒன்றுக்கொன்று எத்தனை பாகை திரும்பியிருந்தனவோ அதற்கேற்ப விடை சொல்லும் நேரமும் கூடிக்கொண்டே போனது. வரைபடத்தில் போட்டால் ஏறத்தாழ நேர்க்கோடு. கணக்குப் பார்த்தால் 60 பாகைக்குச் சுமார் ஒரு விநாடி.

இதில் மனத்தை யாரும் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று படிப்படியாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கோட்டுக்குப் பொருள் கிடைக்கிறது. புலப்படாத ஒன்றைப் பற்றி ஊகம் செய்து, அந்த ஊகம் சரியென்றால் கடிகாரம் என்ன காட்டவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, பிறகு சரிபார்ப்பது. உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, இதிலிருந்துதான். டச்சு நாட்டு ஆய்வாளர் டாண்டர்ஸ் 1868-லேயே ஒரு வேலைக்கு ஆன நேரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆன நேரத்தைக் கழித்து மன வேலைகளை அளக்க முயன்றார். இடையில் நடத்தைவாதிகள் வந்து கடையைச் சாத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதன் இடறலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நேர்க்கோடு கிடைத்தது சரி, உள்ளே உண்மையிலேயே படம்போல ஒன்று சுழல்கிறதா? இல்லை என்று வாதிட்டவர் செனான் பிலிஷின். வாக்கியம்போன்ற விவரணைகளை மனம் கையாண்டாலும் வெளியே இதே நேரங்கள் வரக்கூடும் என்பது அவர் தரப்பு. அந்தச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது. ஒரே அளவீட்டுக்கு இரண்டு உள் விளக்கங்கள் பொருந்தினால் கடிகாரத்தால் தீர்ப்புச் சொல்ல முடியாது. 'ஊகத்தை நம்பியிருக்கிறது' என்று உங்கள் குறிப்பில் ஒரு வரி இருக்கும், பாருங்கள். அதற்கு இதுதான் அர்த்தம்.

இனி லோஃப்டஸ். 1974-இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 45 மாணவர்களுக்குச் சாலை விபத்துப் படத்துணுக்குகள் ஏழைக் காட்டினார்கள். பிறகு கேள்வித்தாள். அதில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கார்கள் மோதியபோது என்ன வேகத்தில் போயின? 'மோதிய' என்ற வினை மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. நொறுங்க மோதின என்ற பொருளுள்ள சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றார்கள். வெறுமனே இடித்தன என்று கேட்டவர்கள் 34. தொட்டுக்கொண்டன என்ற அளவுக்கு மென்மையான சொல்லைக் கேட்டவர்கள் 31.8. நம் கணக்கில் கிட்டத்தட்ட 65 கிலோமீட்டருக்கும் 51-க்கும் உள்ள இடைவெளி. படம் ஒன்றுதான், சொல் மட்டும் வேறு.

பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விடும் ஒன்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. ஏழில் நான்கு படங்கள் வேண்டுமென்றே நடத்திக்காட்டிய மோதல்கள் என்பதால் உண்மையான வேகம் தெரியும்: 20, 30, 40, 40 மைல். பார்த்தவர்களின் மதிப்பீடோ எல்லாவற்றுக்கும் 36-க்கும் 40-க்கும் இடையிலேயே நின்றது. ஆக, மனிதர்களுக்கு வேகத்தைக் கணிக்கவே வராது. தெரியாத ஒன்றைக் கேட்டால், கேட்பவரின் சொல்லைப் பிடித்துக்கொண்டு விடை சொல்வது இயல்பு. அது நினைவு திரிந்ததற்குச் சான்றா, தெரியாததை யூகித்ததற்குச் சான்றா?

அவர்களுக்கே அந்தச் சந்தேகம் வந்ததால்தான் இரண்டாவது சோதனை. இம்முறை 150 பேர். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. 'நொறுங்க' என்று கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'இடித்தன' குழுவில் 7, வேகத்தைப் பற்றியே கேட்காத குழுவில் 6. இது யூகத்தைத் தாண்டிய விஷயம், இல்லாத ஒன்று நினைவில் முளைத்திருக்கிறது. நிறை என்றால் இதுதான் நிறை: ஒரே ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அசையாமல் பிடித்துவைத்ததால், மாறுதலுக்குக் காரணம் அந்தச் சொல்தான் என்று துணிந்து சொல்ல முடிகிறது. ஆனால் 50-இல் 34 பேர் 'இல்லை' என்று சரியாகச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். நான் திருத்திய விடைத்தாள்களில் அதை எழுதியவர்கள் அபூர்வம்.

குறை எங்கே? நாற்காலியில் சாய்ந்து படம் பார்த்த மாணவனுக்கு உயிர்ப் பயம் இல்லை. அவன் சொல்வதை வைத்து யாரும் சிறைக்குப் போகப்போவதும் இல்லை. கனடாவின் வான்கூவர் அருகே ஒரு துப்பாக்கிக் கடையில் கொள்ளை முயற்சி நடந்தது. கடைக்காரர் காயமடைந்தார், திருடன் சுட்டுக் கொல்லப்பட்டான். தெருவே பார்த்தது. யூயில், கட்ஷால் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கைந்து மாதம் கழித்து, போலீசார் விசாரித்த 21 சாட்சிகளில் 13 பேரைச் சந்தித்து மறுபடி விசாரித்து, 1986-இல் வெளியிட்டார்கள். லோஃப்டஸ் பாணியிலேயே, காரில் இல்லாத உடைந்த விளக்கைப் பற்றிப் பொறிவைத்த கேள்வியையும் கேட்டார்கள். பெரும்பாலோர் சிக்கவில்லை. விவரங்களும் பெரிதும் சரியாகவே இருந்தன.

அப்படியானால் லோஃப்டஸ் சொன்னது பொய்யா? அவசரப்படாதீர்கள். மிகவும் பதறியவர்களுக்கு நினைவு நன்றாக இருந்தது என்று அந்தக் கனடா ஆய்வில் தெரிந்தது. ஆனால் பதறியவர்கள்தான் சம்பவத்துக்கு மிக அருகில் நின்றவர்கள். நினைவைக் காத்தது பதற்றமா, கிட்டத்தில் நின்றதா? தெருவில் அதைப் பிரிக்க வழியே இல்லை, ஆய்வுக்கூடத்தில்தான் முடியும். உங்கள் குறிப்பின் முதல் வரி இரண்டு பக்கமும் ஏன் வந்தது என்பது இப்போது விளங்குகிறதா? இரண்டும் ஒரே செயலின் விளைவுகள். ஆனால் எந்த ஆய்வில், எந்த இடத்தில் என்று சொல்லாமல் எழுதினால் இரண்டுமே வெற்றுச் சொற்கள்.

கணினி ஒப்புமையும் அப்படித்தான். 1956 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் மில்லர் நினைவின் கொள்ளளவைப் பற்றிப் பேசினார், சாம்ஸ்கி மொழியைப் பற்றிப் பேசினார், நியூவெல்லும் சைமனும் தருக்கத் தேற்றங்களை நிறுவும் கணினி நிரலை விளக்கினார்கள். நிரல் எழுதுகிறவன் ஒரு படியைக்கூட மழுப்ப முடியாது. அந்த ஒழுங்கு கோட்பாட்டுக்குள்ளும் வந்தது, அது லாபம். படிகளாகப் பிரிக்க எளிதில் இணங்காத அச்சம், ஆசை, களைப்பு எல்லாம் வெகுகாலம் வாசலுக்கு வெளியே நின்றன, அது நட்டம்.

கடைசியாக ஒரு பெயர்: உல்ரிக் நைசர். 1967-இல் இத்துறைக்குப் பெயர் நிலைக்கச் செய்த நூலை எழுதியவர். அவரே 1976-இல் அடுத்த நூலில் ஆய்வுக்கூடச் செயற்கைத்தனத்தைக் கண்டித்தார். 1978-இல் கார்டிஃப் மாநாட்டில், நினைவில் எதெல்லாம் சுவையானதோ சமூகத்துக்கு முக்கியமானதோ அதையெல்லாம் உளவியலாளர்கள் அநேகமாகத் தொட்டதே இல்லை என்ற பொருளில் பேசினார். பெற்ற பிள்ளையை இப்படித் திட்ட ஒரு நேர்மை வேண்டும்.

பதில் | கோர்ட்டு வராந்தா

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். ஒரு சிறு குறுக்கு விசாரணை.

கேள்வியிலேயே விடையை ஊட்டக் கூடாது என்பது எங்களுக்கு 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், தன் தரப்புச் சாட்சியைக் கேட்கும் முதல் விசாரணையில் நீதிமன்ற அனுமதியில்லாமல் அப்படிக் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. நூறு வருடம் கழித்து 45 மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டி இதைக் 'கண்டுபிடித்தார்கள்' என்றால், இதில் அறிதல் உளவியலின் பங்கு என்ன?

கேட்டுவிட்டு, என் கட்சிக்கு எதிரான சான்றையும் நானே தருகிறேன். எந்த விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற தொடர் அச்சுப் பிசகாமல் இருக்கும். சட்டப்பிரிவுக்குத் தேவையான சொற்கள் என்பதால் எழுதுபவர் கை தானாக அதை எழுதிவிடும். ஒரு வழக்கில் சாட்சி, முக்கு ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர். முதலில் என்னிடம் சொன்னது: "சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்." திரும்பியபோது லாரி நின்றுவிட்டது, பைக் கீழே கிடந்தது. கூண்டில் ஏறியபோது லாரி அதிவேகமாக வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், அது முன்னால் போன ஒரு பஸ்ஸை முந்தியதாகவும் சொன்னார். பொய் சொல்லும் ஆள் அல்ல. யாரும் பணம் கொடுக்கவும் இல்லை. அந்த அறிக்கையை அவர் முன்னிலையில் எத்தனை பேர் எத்தனை முறை வாசித்தார்களோ.

பதில் | ஓய்வுபெற்ற சாக்பீஸ்

வழக்கறிஞர் ஐயா, உங்கள் கேள்விக்கு உங்கள் டீக்கடைக்காரரே பதில். உங்கள் சட்டம் பாதுகாப்பது நீதிமன்ற அறையை. நினைவு கெட்டது அதற்கு வெகுகாலம் முன்பு, விபத்து நடந்த அன்றோ மறுநாளோ, யாரோ கேட்ட முதல் கேள்வியில். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்ன அந்த 16 பேர் காட்டுவதும் அதையே. அன்றைய கேள்வியின் சொல் பிற்பாடு நினைவாகவே உறைந்துவிடுகிறது. பிறகு கூண்டில் நிறுத்தி எவ்வளவு கண்ணியமாகக் கேட்டாலும் உறைந்ததுதான் வெளியே வரும்.

நடைமுறைப் பயனும் உண்டு. ஃபிஷர், கைசெல்மன் என்ற அமெரிக்கர்கள் 1980-களில் சாட்சிகளை விசாரிக்க ஒரு முறையை உருவாக்கினார்கள். இடத்தையும் அன்றைய மனநிலையையும் முதலில் மனத்தில் கொண்டுவரச் சொல்வது, அற்பமாகத் தோன்றினாலும் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வது, கடைசியிலிருந்து முதலுக்கு வரச் சொல்வது, வேறொருவர் நின்ற இடத்திலிருந்து பார்க்கச் சொல்வது. வழக்கமான விசாரணையைவிட இதில் சரியான விவரங்கள் கூடுதலாகக் கிடைத்தன. பிரிட்டன் காவல்துறை இதைப் பயிற்சியிலேயே சேர்த்துக்கொண்டது. நேரம் அதிகம் பிடிக்கும் என்பதுதான் சங்கடம்.

பதில் | செண்பகம்

ஒரு தொண்டு நிறுவனத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். எல்லாரும் நினைவைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த அணுகுமுறை அதிகமானோரைத் தொட்டது சிகிச்சை வழியாகத்தான்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், ஃபிராய்டு வழி உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். 1960-களில் பிலடெல்பியாவில், மனச்சோர்வுக்காரர்களின் மனத்தில் தாமாகவே ஓடும் 'நான் எதற்கும் லாயக்கில்லை' போன்ற எண்ணங்களைக் கவனித்து, அவற்றைச் சோதித்துப் பார்க்கும் அறிதல் சிகிச்சையைக் கட்டினார். அது பணக்கார நாடுகளுக்கு மட்டுமான மருந்து அல்ல என்பதற்குப் பாகிஸ்தானில் ராவல்பிண்டி அருகே கிராமங்களில் நடந்த ஆய்வு சாட்சி. அங்குள்ள பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்விலிருந்த கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்றவர்கள் போன வீடுகளில் 23 சதவீதத் தாய்மார்களுக்கே சோர்வு நீடித்தது. மற்றவர்களில் அது 53 சதவீதம். 2008-இல் வெளியான முடிவு இது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நீல் ஜேக்கப்சன் குழு 1996-இல் இந்தச் சிகிச்சையைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தது. எண்ணங்களைத் தொடாமல், அன்றாட வேலைகளிலும் மகிழ்ச்சி தருபவற்றிலும் மீண்டும் ஈடுபட வைக்கும் பகுதியை மட்டும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு எவ்வளவு குணமோ அவர்களுக்கும் அவ்வளவே. எண்ணம் மாறியதால்தான் சோர்வு நீங்கியது என்ற கோட்பாட்டின் மையத்திலேயே இது கைவைக்கிறது. சிகிச்சை பலிப்பது வேறு, பலிப்பதற்குச் சொல்லும் காரணம் சரியாக இருப்பது வேறு. தங்கை, பத்து மதிப்பெண் கேள்வியில் இதற்கு இடம் இருக்கிறது.

என் மேசையிலும் ஒரு சங்கடம் உண்டு. எண்ணப் பதிவுத் தாளில் கட்டங்கள்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, அதற்கு ஆதரவான சான்று, எதிரான சான்று. ஒரு பெண், 'தெருவில் எல்லாரும் என்னைக் கேவலமாகப் பார்க்கிறார்கள்' என்று எழுதினார். எதிரான சான்றைத் தேடச் சொல்வது என் வேலை. தவணை கட்டத் தவறிய வாரம் கடன்குழுப் பெண்கள் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு எழவே இல்லை என்று, ஆதரவான சான்றுக் கட்டத்தில் எழுதியிருந்தார். அவர் எண்ணத்தில் என்ன பிழை? பிழை தலைக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்கும் முறைக்கு, தலைக்கு வெளியே இருக்கும் கடனைப் பார்க்கத் தனியாக ஒரு கண் வேண்டியிருக்கிறது.

பதில் | வடகிழக்கு

யாரும் தொடாத ஒன்று. 'மனித மனம்' என்று சொல்லிவிட்டு அமெரிக்க மாணவர்களைச் சோதிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2010 வாக்கில் பெரிதாக வெடித்தது. முன்னணி உளவியல் ஆய்விதழ்கள் சிலவற்றை அலசியதில், ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது.

இதில் தமிழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1990-களில் நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவன ஆய்வுகளில் தமிழ்நாடும் இருந்தது, அதை நடத்தியவர் எரிக் பெடர்சன். மேசைமேல் விலங்குப் பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு, ஆளை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி இன்னொரு மேசையில் அதேபோல அடுக்கச் சொல்வார்கள். இடம் வலம் என்று பேசிப் பழகியவர், தன் வலப்பக்கம் பார்த்த மாட்டை இங்கேயும் வலப்பக்கம் பார்க்க வைப்பார். திசை சொல்லிப் பழகியவர் வடக்கே பார்த்த மாட்டை வடக்கே பார்க்கத்தான் வைப்பார். நகரத் தமிழர்கள் முதல் வகைக்கும், கிராமத்துத் தமிழர்கள் இரண்டாம் வகைக்கும் சாய்ந்தார்கள். பந்தியில் 'கொஞ்சம் மேற்கே தள்ளி உட்காருங்கள்' என்று சொல்லும் ஊரில் வளர்ந்த எனக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இடத்தை மனம் எப்படி வைத்துக்கொள்கிறது என்பது எல்லாருக்கும் பொது என்று நம்பியிருந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தியாக இருந்திருக்காது.

மறுமொழி | கரிசல்மண்

எல்லாருக்கும் நன்றி. செண்பகம் அக்கா சொன்ன 1996 ஆய்வைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஐயா, ஒரு சந்தேகம். கனடா ஆய்வில் 21 பேரில் 13 பேர்தானே வந்தார்கள்? நினைவு நன்றாக இருந்தவர்களும் துணிச்சல்காரர்களும் மட்டும் ஒப்புக்கொண்டு, மற்றவர்கள் ஒதுங்கியிருந்தால்? தெருவில் நடந்த ஆய்வுதான் உண்மைக்கு நெருக்கம் என்று எப்படி எழுதுவது?

பதில் | ஓய்வுபெற்ற சாக்பீஸ்

இந்தக் கேள்வி வகுப்பில் வந்திருந்தால் அன்றைக்கு மணி அடித்தும் விட்டிருக்க மாட்டேன். வராதவர்களில் சுடப்பட்ட அந்தக் கடைக்காரரும் ஒருவர். அந்த நாளை மறுபடி நினைக்க அவர் விரும்பவில்லை. ஆக, அங்கே எல்லாரையும்விட அதிகம் பயந்திருக்கக்கூடியவரின் நினைவு கணக்கிலேயே இல்லை. இதை லோஃப்டஸுக்கு அடுத்த பத்தியில் எழுதுங்கள். அந்த இரண்டு பக்கப் பட்டியலைத் தொடவே வேண்டாம். பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆய்வுகளும் ஜேக்கப்சனும் போதும். நேரம் மிஞ்சினால் வடகிழக்கு சொன்ன மாட்டுப் பொம்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், படம் போட்டு.